செப்டிக் டேங்க் லாரி தோப்புக்கு வரலாமா? வாசகர் கேள்வி – பதில்

நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீரிலிருந்து பிரியும் கசடையும் செப்டிக் டேங்க் கழிவையும் நிலத்தில் போடலாமா, போட்டால் ஆறும் கிணறும் என்ன ஆகும் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: செப்டிக் டேங்க் லாரிக்காரர் ஒருவர், “காசே வேண்டாம். வாரம் ரெண்டு லோடு உங்க தென்னந்தோப்புல விட்டுட்டுப் போறேன். காய்ப்பைப் பாருங்க” என்கிறார். பக்கத்துத் தோப்பில் விட்டிருக்கிறார்கள், காய்ப்பும் நன்றாகத்தான் தெரிகிறது. ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: வேண்டாம். லாரியில் வருவது பெரும்பாலும் தண்ணீர். ஒரு லிட்டர் செப்டிக் கழிவில் திடப்பொருள் 12 முதல் 35 கிராம்தான். 5,000 லிட்டர் லோடு ஒன்றில் பயிருக்குக் கிடைக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) 2, 3 கிலோ. ஐந்தாறு கிலோ யூரியாவில் அது கிடைத்துவிடும். பக்கத்துத் தோப்பில் காய்ப்பு கூடியதற்குப் பாதிக் காரணம், கோடையில் கிடைத்த அந்தத் தண்ணீர். லாரிக்காரருக்கோ சுத்திகரிப்பு நிலையம் வரை போய் வரும் டீசல் மிச்சம். கணக்குப் பார்த்தால் லாபம் யாருக்கு என்று தெரியும்.

நஷ்டம் உங்கள் பக்கம். பச்சைக் கழிவில் உருளைப்புழு முட்டைகள் இருக்கும். நிழலும் ஈரமும் உள்ள தோப்பு மண்ணில் அவை மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்தே உள்ளே போகும். தேங்காய் பொறுக்குபவர்களும் மட்டை இழுப்பவர்களும் செருப்புப் போடுவது அரிது. உங்கள் பகுதியின் மணற்பாங்கான மண்ணில், கழிவின் தழைச்சத்து மாறி உண்டாகும் நைட்ரேட் நேராக நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் வீட்டில் இந்த அளவை அலட்சியம் செய்ய முடியாது.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. கழிவு எடுக்கும் வண்டி உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். எடுத்த கழிவை அதற்கென ஒதுக்கிய சுத்திகரிப்பு நிலையத்தில்தான் விட வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017 முதல் இயங்கும் மலக்கசடு நிலையம் இந்த வகையில் தமிழ்நாட்டுக்கு முன்னோடி. அதன் பிறகு பல ஊர்களில் வந்துவிட்டது. உங்களுக்கு அருகில் எது என்று நகராட்சியில் கேட்டால் சொல்வார்கள்.

ஏற்கெனவே விட்டாகிவிட்டது என்றால், சரிவின் கீழ்ப்பக்கம் ஒரு அடி உயரத்துக்கு வரப்பு போட்டு, வாய்க்கால் மடையை அடையுங்கள். காயும் வரை அந்தப் பகுதிக்குப் பாசனம் வேண்டாம். காய்ந்ததும் மேலாக உழுது மண்ணோடு கலந்துவிடுங்கள். ஒரு மாதத்துக்காவது மாடு அங்கே மேயக் கூடாது. வேலை செய்பவர்கள் பூட்ஸ் போடட்டும்.

கேள்வி: சுண்ணாம்பு தூவினால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்கிறார்களே?
– வாசகர், முசிறி

பதில்: தரையில் தூவினால் பலன் இல்லை. சுண்ணாம்பு கழிவோடு முழுதாகக் கலந்து, கார அமில நிலை (pH) 12-ஐத் தொட்டு, அங்கே அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். அமெரிக்காவில் செப்டிக் கழிவை நிலத்தில் விடுவதற்குச் சட்டம் வைத்திருக்கும் நிபந்தனை இது. அதற்கு 1,000 லிட்டருக்குச் சுமார் 3 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு பிடிக்கும். தொட்டியில் கூழாகக் கரைத்து ஊற்றிக் கலக்கி, கார அமில நிலை காட்டும் காகிதத்தால் சோதித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு அதிகமுள்ள ஓட்டல் கழிவுக்கு இன்னும் கூடப் பிடிக்கும். இத்தனை செய்தாலும் பாக்டீரியாதான் குறையும், புழு முட்டை அரை மணி நேரத்தில் சாகாது. அதனால்தான் சுண்ணாம்பிட்ட கழிவுக்கும் அங்கே அறுவடைக் காத்திருப்புக் காலம் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்தில் காயவைத்த கசடை டிராக்டர் லோடு கணக்கில் மலிவாகத் தருகிறார்கள். கருப்பாக, பொலபொலவென்று, வாடையே இல்லாமல் இருக்கிறது. நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், குளித்தலை

பதில்: கண்ணாலும் மூக்காலும் தெரியாது. வாடை இல்லை என்றால் காய்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் பொருள். காட்மியம் போன்ற நச்சு உலோகத்துக்கு வாடை கிடையாது.

முதலில், அது எந்தக் குவியல், எப்போது உலர்படுகையிலிருந்து (கசடைக் காயவைக்கும் இடம்) எடுத்தது என்று கேளுங்கள். அந்தக் குவியலுக்கான ஆய்வு அறிக்கையைக் கேளுங்கள். போன வருடத்து அறிக்கையை இந்த வருடக் குவியலுக்குக் காட்டுவது வழக்கமான தந்திரம். ஊருக்குள் புதிதாக ஒரு முலாம் பூசும் பட்டறை வந்தாலே கசடின் குணம் மாறிவிடும்.

கன உலோகங்களுக்கு, உரக்கட்டுப்பாட்டு ஆணை 1985 நகரக் கம்போஸ்டுக்கு வகுத்த வரம்புகளை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். உலர் எடையில் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கு: ஆர்செனிக் 10, காட்மியம் 5, குரோமியம் 50, தாமிரம் 300, பாதரசம் 0.15, நிக்கல் 50, ஈயம் 100, துத்தநாகம் 1,000. நகரக் கசடில் முதலில் எல்லை தாண்டுவது பெரும்பாலும் துத்தநாகமும் தாமிரமும்தான். அறிக்கையில் அந்த இரண்டு எண்களையும் முதலில் பாருங்கள்.

நீங்களே மாதிரி எடுப்பதானால், குவியலின் பத்துப் பன்னிரண்டு இடங்களில், மேல் ஓட்டை ஒதுக்கிவிட்டு, ஒன்றரை அடி ஆழத்திலிருந்து ஒவ்வொரு கைப்பிடி எடுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் தாளில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை ஒதுக்குங்கள். மீதியை மறுபடி கலந்து மறுபடி பிரியுங்கள். கடைசியில் ஒரு கிலோ நிற்கட்டும். துத்தநாகம் பூசிய வாளியிலோ தகரத்திலோ போட்டால் அறிக்கையில் துத்தநாகம் ஏறிவிடும். கிருமிச் சோதனைக்குத் தனியாக, ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டியில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல்படி, ஒரு கிராம் உலர் கசடில் மலத்தின் பாக்டீரியாவான ஈ.கோலி 1,000-க்குள்ளும் புழு முட்டை ஒன்றுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும்.

உலர்படுகையில் பத்துப் பதினைந்து நாள் காய்ந்ததால் மட்டும் இந்த அளவு வந்துவிடாது. நம் ஊர் வெப்பத்தில் ஓராண்டுக்கு மேல் மழை படாமல் சேமித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் கம்போஸ்ட் ஆக்க வேண்டும்: ஒரு பங்கு கசடுக்கு கனஅளவில் இரண்டு மூன்று பங்கு சருகு அல்லது நறுக்கிய வைக்கோல், ஈரம் 50–60 சதவீதம். நீளக் குவியலாக்கி, உள்வெப்பம் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் நிற்க வேண்டும், அந்த 15 நாளில் ஐந்து முறையாவது புரட்டிப்போட வேண்டும். புரட்டாவிட்டால் ஓரத்தில் குளிர்ந்து கிடக்கும் கசடு அப்படியே தப்பித்துவிடும். வெப்பம் 40-லேயே நின்று சாக்கடை வாடை அடித்தால் ஈரம் அதிகம், காற்று போகவில்லை. இன்னும் சருகு சேர்க்க வேண்டும். முடிந்த கம்போஸ்ட் மழையில் நனைந்தால் சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் திரும்பப் பெருகலாம் என்பதால் கூரை கட்டாயம்.

கேள்வி: சோதித்துச் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நெல்லுக்கு ஏக்கருக்கு எவ்வளவு போடலாம்? இங்கே சிலர் பத்து டன், சிலர் இருபது டன் என்கிறார்கள்.
– வாசகர், லால்குடி

பதில்: அவர்கள் தொழுஉரக் கணக்கைச் சொல்கிறார்கள். கசடு தொழுஉரம் போன்றதல்ல, அதில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம். அளவைத் தழைச்சத்தை வைத்து முடிவு செய்தால் நிலத்தில் மணிச்சத்து மலையாகக் குவியும். கடைசியில் அது ஆற்றுக்குத்தான் போகும். மணிச்சத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

கணக்கைப் போட்டே காட்டுகிறோம். உங்கள் அறிக்கையில் ஈரம் 30 சதவீதம், உலர் எடையில் நைட்ரஜன் 2.5 சதவீதம், பாஸ்பரஸ் 1.2 சதவீதம் என்று இருப்பதாகக் கொள்வோம். ஒரு டன் கசடில் உலர்ந்தது 700 கிலோ. அதில் நைட்ரஜன் 17.5 கிலோ, பாஸ்பரஸ் 8.4 கிலோ. ஆய்வகம் தனிமப் பாஸ்பரஸாகச் சொல்லியிருந்தால் 2.29-ஆல் பெருக்குங்கள். உரப் பரிந்துரை எல்லாம் பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கில்தான் வரும். பெருக்கினால் 19 கிலோ சொச்சம்.

காவிரிப் பாசனப் பகுதிக் குறுகிய கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150:50:50. ஏக்கருக்கு ஏறத்தாழ 60 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 20 கிலோ சாம்பல் சத்து (பொட்டாஷ்). ஆக, ஒரே ஒரு டன் கசடிலேயே மணிச்சத்து முடிந்துவிட்டது.

தழைச்சத்து அப்படியில்லை. கசடிலுள்ள நைட்ரஜனில் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் டன்னுக்கு 3.5 கிலோ. 60 கிலோ வேண்டுமென்றால் 17 டன் போட வேண்டும். அப்படிப் போட்டால் சுமார் 325 கிலோ மணிச்சத்து நிலத்தில் இறங்கும். பயிரின் தேவைக்குப் பதினாறு மடங்கு! இருபது டன் என்று சொல்பவர்கள் இந்த வரிசையைப் போட்டுப் பார்ப்பதில்லை.

மிஞ்சிய மணிச்சத்து முதலில் நுண்ணிய மண் துகளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். கனமழையில் அந்த வண்டல் கரைந்து வடிகாலுக்குப் போகும். பிடித்து வைக்க மண்ணில் இடமில்லாமல் போனபின், தெளிந்த வடிநீரிலேயே கரைந்து வெளியேறும். அப்போது வரப்பைப் பலப்படுத்தினாலும் முழுதாகத் தடுக்க முடியாது. கீழே ஆற்றில் பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டும். இரவில் பாசி சுவாசிப்பதாலும் அழுகுவதாலும் தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கி, விடியற்காலையில் மீன் செத்து மிதக்கும்.

ஆகவே ஏக்கருக்கு ஒரு டன் அடியுரம், மணிச்சத்து உரமான டி.ஏ.பி. அறவே வேண்டாம். குறையும் தழைச்சத்துக்குச் சுமார் 120 கிலோ யூரியாவை நான்கு தவணையாகப் பிரித்துப் போடுங்கள். கசடில் சாம்பல் சத்து மிகக் குறைவு, அது தண்ணீரோடு கரைந்து போய்விடும். அதற்கு 33 கிலோ மூரியேட் ஆப் பொட்டாஷ் வேண்டும். பொட்டாஷை விட்டுவிட்டுக் கசடை மட்டும் நம்பினால் நெல் சாய்வதும் நோய் விழுவதும் கூடும். இதற்கெல்லாம் முன்னால் மண் பரிசோதனை: ஆல்சன் என்ற ஆய்வக முறையில் அளந்த, பயிருக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ் ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தால் அந்த நிலத்துக்கு ஒரு டன்னும் வேண்டாம்.

கேள்வி: ஆற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் எத்தனை தூரம் விட வேண்டும்? எந்த மாதம் போடலாம்?
– வாசகர், திருவையாறு

பதில்: இங்கிலாந்தில் 2018 முதல் உள்ள விதி: நீர்நிலைக்கு 10 மீட்டருக்குள்ளும், கிணறு, ஊற்று, ஆழ்துளைக் கிணற்றுக்கு 50 மீட்டருக்குள்ளும் கசடோ எருவோ போடக் கூடாது. அமெரிக்கச் சட்டத்திலும் நீர்நிலைக்கு 10 மீட்டர்தான். டெல்டாவில் ஆற்றை மட்டும் பார்த்தால் போதாது. ஆற்றிலிருந்து பிரியும் ‘ஏ’ வாய்க்கால், அதிலிருந்து பிரியும் ‘பி’ வாய்க்கால், வடிகால் எல்லாமே ஆற்றின் கைகால்கள். எல்லாவற்றுக்கும் அதே 10 மீட்டரை விடுங்கள். அந்தப் பட்டையில் வெட்டிவேரோ கோ-4 தீவனப்புல்லோ இருந்தால் வண்டல் அங்கேயே தங்கும்.

காலம் கோடை உழவுதான். பரப்பிய அன்றைக்கே அரை அடி ஆழத்துக்கு உழுது மூடிவிடுங்கள். புரட்டாசிக்குமேல் தை வரை தொடவே வேண்டாம், வடகிழக்குப் பருவமழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிடும். நாற்று நடும் வயலில் போட்டிருந்தால், சேறடித்த பிறகு ஒரு வாரத்துக்காவது தண்ணீரை வடிக்காதீர்கள். சேறடித்ததும் கலங்கல் நீரைத் திறந்துவிடுவதுதான் நம் வயல்களிலிருந்து மணிச்சத்து வெளியேறும் பெரிய வாசல். வயலோரம் குவித்து வைத்த லோடையும் மறந்துவிடாதீர்கள். பரப்புவதற்கு முன்பே ஒரு கோடைமழை அதைக் கரைத்துவிடலாம். தார்ப்பாய் போட்டு, அடியில் மேடு கட்டி வையுங்கள்.

கேள்வி: கீரை, நிலக்கடலைக்குப் போடலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: கூடாது. கீரை, முள்ளங்கி, கேரட், வெங்காயம், நிலக்கடலை எதற்கும் வேண்டாம். முழுக் கிருமிநீக்கம் செய்யாத கசடு போட்டால், மண்ணில் படும் காய்க்கு 14 மாதமும், மண்ணுக்குள் விளைவதற்கு, கசடு போட்டு நான்கு மாதத்துக்குள் உழுது மூடியிருந்தால், 38 மாதமும் அமெரிக்காவில் காத்திருக்கச் சொல்கிறார்கள். சவுக்கு, மூங்கில், பருத்திக்குப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் தோல் பதனிடும் பட்டறைகள் உண்டு. ஊர்க் கழிவுநீரும் பட்டறை நீரும் சில இடங்களில் ஒரே சாக்கடையில் சேருகின்றன. இந்தக் கசடை எடுக்கலாமா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: தொடாதீர்கள். குரோமியத்துக்கு வரம்பு கிலோவுக்கு 50 மில்லிகிராம். குரோம் பதனிடும் நீர் கொஞ்சம் கலந்தாலே கசடு அதைத் தாண்டிவிடும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் தோல் கசடு, 2016 அபாயக் கழிவு விதிகளின் கீழ் வருவது. அதன் இடம் அபாயக் கழிவைப் புதைக்கும் பாதுகாப்பான நிரப்பிடம், வயல் அல்ல. பாலாற்றங்கரையில் இதன் விலை என்ன என்று 1996-ல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றமே எழுதியிருக்கிறது. திருப்பூர்ச் சாயக்கழிவுக்கும் இதே பதில். நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிய கதையை அந்த ஆற்று விவசாயிகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

உலோகத்துக்கும் கிருமிக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வையுங்கள். கிருமி நாள்பட்டால் சாகும், உலோகம் போகாது. ஒரு ஏக்கரின் மேல் அரை அடி மண் சுமார் 9 லட்சம் கிலோ. கிலோவுக்கு 5 மில்லிகிராம் காட்மியம் உள்ள கசடை, முன் சொன்னபடி டன்னுக்கு 700 கிலோ உலர் எடையில், ஏக்கருக்கு ஒரு டன் போட்டால் 3.5 கிராம் சேரும். மண்ணில் கிலோவுக்கு 0.004 மில்லிகிராம் ஏறும். ஆண்டுதோறும் 17 டன் போட்டால் 15 ஆண்டில் ஒரு மில்லிகிராம் ஏறிவிடும். ஐரோப்பிய விதி மண்ணுக்கு வைத்த எல்லையே 1 முதல் 3 மில்லிகிராம்தான். மண் புளித்தால் இன்னும் மோசம்: அமிலத்தன்மை கூடக் கூட உலோகம் கரைந்து பயிருக்குள் ஏறும். கார அமில நிலை 5-க்குக் கீழ் உள்ள நிலத்தில் பிரிட்டனில் கசடு போடவே தடை. மண் புளித்த நீலகிரியின் வாசகர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: வெளிநாடுகளில் கசடில் பெரும்பகுதி விவசாய நிலத்துக்குத்தான் போகிறது, சட்டமும் பக்காவாக இருக்கிறது என்கிறார்கள். அப்புறம் ஏன் அங்கேயும் ஆறு கெடுகிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சட்டம் பழசு. ஐரோப்பிய உத்தரவு 1986-ல் வந்தது, பிரிட்டனின் விதிமுறை 1989-ல், அமெரிக்காவின் கசடு விதியான 503-ஆம் பகுதி 1993-ல். அப்போது எல்லோரும் பயந்தது கன உலோகத்துக்கும் கிருமிக்கும். பட்டியலில் அவைதான் இருக்கின்றன. ஒட்டாத வாணலி, நீர் ஒட்டாத துணி, தீயணைப்பு நுரை வழியாக வரும் பி.எஃப்.ஏ.எஸ். வேதிப்பொருட்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அவை சிதையாதவை, தண்ணீரோடு எளிதாக நகர்பவை. பண்ணைக் கிணறுகளிலும் பாலிலும் அவை தென்பட்டபின், அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022-ல் கசடை நிலத்தில் போடுவதையே தடை செய்துவிட்டது. சுவிட்சர்லாந்து அதற்கு முன்பே நிறுத்திவிட்டது. ஜெர்மனி வேறு வழியில் போகிறது: 2029 முதல் பெரிய நிலையங்கள் கசடிலிருந்தோ அதன் சாம்பலிலிருந்தோ பாஸ்பரஸைப் பிரித்தெடுக்க வேண்டும்.

இன்னொரு ஓட்டை நாம் மேலே போட்ட கணக்கில்தான் இருக்கிறது. அளவைத் தழைச்சத்தைக் கொண்டு கட்டுப்படுத்தினால் மணிச்சத்து தப்பிவிடும். இங்கிலாந்து–வேல்ஸ் எல்லையில் ஓடும் வை ஆற்றுப் படுகையில் கசடைவிடக் கோழி எருதான் பிரச்சினை. ஆனால் நடந்தது இதேதான். பயிர் எடுப்பதைவிட அதிக மணிச்சத்து பல ஆண்டுகள் மண்ணில் சேர்ந்து, கோடையில் ஆறு பச்சையானது. மண்ணின் தேவைக்கு மேல் போடக் கூடாது என்ற 2018 விதி அங்கே எழுத்தில் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று விவசாயிகளும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தண்ணீர் நிறுவனங்களும் நிற்க, அதை எப்படி அமல்படுத்துவது என்பதில்தான் இழுபறி. கசடு தினமும் வந்துகொண்டே இருக்கும், பயிருக்குத் தேவை சில வாரங்கள்தான். இடையில் சேமித்து வைக்கக் கொட்டகை கட்டும் செலவு யார் தலையில் என்பதே அங்கும் இங்கும் தீராத கேள்வி.

கேள்வி: ராத்திரியில் லாரி வந்து எங்கள் வாய்க்காலில் கழிவைத் திறந்துவிட்டுப் போகிறது. நாங்களே தண்ணீரைப் புட்டியில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்தால் வழக்குக்கு ஆகுமா?
– வாசகர், மேலூர்

பதில்: நேரடிச் சாட்சியமாக நிற்காது. 1974 நீர்ச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு இதைத் தடை செய்கிறது. ஆனால் மாதிரி எடுக்கும் முறையை 21-ஆம் பிரிவு வகுத்திருக்கிறது: மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர், சம்பந்தப்பட்டவருக்கு அறிவிப்புக் கொடுத்து எடுக்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது அலுவலரை நேரத்துக்கு வரவைப்பது. வண்டி எண், நாள், மணி, எந்த மடை என்று எழுதி, எண் பலகை தெரியும் படத்தோடு உள்ளாட்சி அலுவலருக்கும் வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் கொடுங்கள். உரிமம் கொடுத்தது உள்ளாட்சி அமைப்பு என்பதால், அதை ரத்து செய்யச் சொல்லித் தனியாக ஒரு மனு வையுங்கள். லாரிக்காரருக்கு அபராதத்தைவிட அதுதான் உறைக்கும். மனு கொடுத்த ரசீதை வாங்க மறக்காதீர்கள்.